மன்னார்க் கடலில் எரிவாயு கிடைத்தது சரி, ஏன் இன்னும் கரைக்கு வரவில்லை?

கேள்வி – பிப்ரவரி 8

2011ல மன்னார்க் கடலில காஸ் கண்டுபிடிச்சதெண்டு எல்லாப் பேப்பரிலயும் வந்தது. இண்டைக்கும் ஒரு பைப்பும் கரைக்கு வரேல்லை. ஆரோ வெளிநாட்டுக்காரர் எடுக்க விடாமல் தடுக்கினம் எண்டு இங்க கதைக்கினம். உண்மையில காஸ் இருக்கோ? இருந்தால் ஏன் எடுக்கேல்லை?

பிப்ரவரி 8, இரவு

இருக்கிறது. 2011 அக்டோபரில் கெய்ர்ன் லங்கா (கெய்ர்ன் இந்தியாவின் இலங்கைக் கம்பெனி) துளைத்த டொராடோ கிணற்றில், 1,354 மீட்டர் ஆழக் கடலுக்கு அடியில், 3,043.8 முதல் 3,068.7 மீட்டர் வரை 25 மீட்டர் தடிமனான எரிவாயு மணற்கல். அடுத்த மாதமே பாராகுடா: கடலாழம் 1,509 மீட்டர், கிணற்றின் மொத்த ஆழம் 4,741 மீட்டர். அங்கே 4,067க்கும் 4,206க்கும் இடையில் மூன்று அடுக்குகளில் மொத்தம் 24 மீட்டர். பெரும்பாலும் எரிவாயு, கொஞ்சம் திரவமும் இருக்கலாம் என்று அறிவித்தார்கள். மூன்றாவது கிணறு டொராடோ நார்த் வறண்டது. 2013இல் தோண்டிய நான்காவதும் வறண்டது. 2015இல் கம்பெனி தேடலுக்கு வாங்கிய கடல் வட்டாரத்தை அரசிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனது.

யாரும் தடுக்கவில்லை. நான்கு கிணற்றில் இரண்டு தேறியது மோசமான கணக்கே இல்லை, புதுப் படுகைக்கு நல்ல கணக்கு. ஆனால் "கிடைத்தது" என்ற சொல்லுக்கும் "எடுக்கலாம்" என்ற சொல்லுக்கும் நடுவில் மதிப்பாய்வு என்று ஒரு கட்டம் இருக்கிறது. மன்னார் அந்தக் கட்டத்தைத் தாண்டவில்லை. அதை விரிவாக எழுதுகிறேன்.

பிப்ரவரி 9

முதலில் ஒரு கணக்கு. இதன் எண்கள் எடுத்துக்காட்டுக்காக நான் வைத்தவை, டொராடோவின் எண்கள் அல்ல.

4 கி.மீ. × 5 கி.மீ. பரப்பில், கடலடிக்குக் கீழே பாறை வளைந்து உயர்ந்த ஒரு மேடு. 20 மீட்டர் நல்ல மணற்கல். கல்லில் துளையிடம் 20 சதவீதம். அந்தத் துளைகளில் 65 சதவீதம் எரிவாயு, மீதி உப்புநீர். அவ்வளவு ஆழத்து அழுத்தத்தில் ஒரு கன மீட்டராக இருப்பது மேலே வந்தால் 250 கன மீட்டராக விரியும் என்று வைத்துக்கொள்வோம்.

2 கோடி சதுர மீட்டர் × 20 × 0.20 × 0.65 × 250 = 1,300 கோடி கன மீட்டர். இதில் 60 சதவீதம் எடுக்க முடிந்தால் 780 கோடி.

கெரவலப்பிட்டியில் இருக்கும் யுகதனவி நிலையம் 300 மெகாவாட். எரிவாயுவுக்கு மாறக்கூடியதாகக் கட்டி, எண்ணெயில் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். 50 சதவீதத் திறன் என்றால் 600 மெகாவாட் வெப்பம் வேண்டும். ஒரு கன மீட்டர் எரிவாயு ஏறத்தாழ 38 மெகாஜூல். ஆக நாளொன்றுக்கு 13.6 லட்சம் கன மீட்டர், வருடத்துக்கு 50 கோடிக்குச் சற்றுக் குறைவு. 780 கோடியை அதால் வகுத்தால் கிட்டத்தட்ட 16 வருடம். ஒரே ஒரு மின்நிலையத்துக்கு.

நாட்டின் கடனை அடைப்பது, நூறு வருடம் சாப்பிடுவது என்று கிளம்பும் பேச்சுகளை இந்த அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பிப்ரவரி 9, சற்று நேரம் கழித்து

இரண்டு திருத்தம்.

ஒன்று, மின்நிலையம் வருடம் முழுக்க முழு வேகத்தில் ஓடாது. 80 சதவீதம் என்று வைத்தால் வருடத்துக்கு 40 கோடி, ஏறக்குறைய 20 வருடம்.

இரண்டு, டொராடோ பற்றி "25 மீட்டர் தடிமனான எரிவாயு மணற்கல்" என்று நேற்று எழுதியது தவறு. அறிவிப்பில் சொன்னது நிரலின் உயரம். மேலிருந்து கீழ்வரை 25 மீட்டருக்குள் எரிவாயு இருக்கிறது என்று மட்டுமே அதற்குப் பொருள். நடுவில் களிப்பாறைப் பட்டைகள், சிமெண்ட் போல இறுகிப்போன மணல் எல்லாம் வரும். அவற்றைக் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் நிகரத் தடிமன், கணக்கில் போட வேண்டியது அதைத்தான். பத்திரிகைச் செய்தியில் நிரல் உயரம் மட்டுமே வரும். வாசிக்கும்போது இதைப் பிரித்துப் பாருங்கள்.

பிப்ரவரி 11

ஒருவர் கேட்டிருக்கிறார்: "4 × 5 மேடு என்கிறீர்கள், மேடு என்றால் ஓரம் சரியுமே, 20 மீட்டர் தடிமன் ஓரம் வரைக்கும் எப்படி இருக்கும்?"

சரியான இடத்தில் பிடித்திருக்கிறார். என் கணக்கு செங்கல்லுக்குப் பொருந்தும், மேட்டுக்குப் பொருந்தாது. திருப்பிப் போடுகிறேன்.

மேட்டின் சரிவு 1 டிகிரி என்று வைப்போம். கடலடிப் படுகைகளில் இது சாதாரணம். மணற்கல் 20 மீட்டர். எரிவாயு மேலே, நீர் கீழே, இரண்டும் சந்திக்கும் மட்டம் தட்டையானது. அந்த மட்டம் மணற்கல்லின் மேற்பரப்பை வெட்டுமிடம் வெளி எல்லை, அடிப்பரப்பை வெட்டுமிடம் உள் எல்லை. 20 மீட்டரை 1 டிகிரிச் சரிவால் வகுத்தால் இரண்டு எல்லைக்கும் இடைவெளி 1,146 மீட்டர். நாலு பக்கமும் அவ்வளவு உள்ளே வந்தால், முழுத் தடிமனும் எரிவாயுவாக இருக்கும் இடம் 1.7 × 2.7 கி.மீ. மட்டுமே. மீதி எல்லாம் ஆப்பு வடிவம்.

பாறைக் கனஅளவு 40 கோடி அல்ல, 22.9 கோடி கன மீட்டர். எரிவாயு 1,300 கோடியிலிருந்து 740 கோடிக்கு இறங்குகிறது. எடுக்கக்கூடியது 444 கோடி. அதே மின்நிலையத்துக்கு 11 வருடம்.

இரண்டே நாளில் 16 என்றேன், 20 என்றேன், இப்போது 11 என்கிறேன். கல் மாறவில்லை, கிணறு மாறவில்லை.

பிப்ரவரி 11, இரவு

மேலே எழுதியதை விட்டு நகர மனம் வரவில்லை, ஏனென்றால் முக்கியமான பாகம் இனிமேல்தான்.

அந்த நீர்மட்டம் நான் வைத்த இடத்தில் இல்லாமல் 10 மீட்டர் கீழே இருந்தால்? 10 மீட்டரை 1 டிகிரியால் வகுத்தால் 573 மீட்டர். எல்லை நாலு பக்கமும் அவ்வளவு வெளியே போகும். வெளி எல்லை 5.15 × 6.15 கி.மீ., உள் எல்லை 2.85 × 3.85. பாறைக் கனஅளவு 40.9 கோடி. மறுபடி 1,300 கோடி கன மீட்டர் எரிவாயு. மறுபடி 20 வருடம்.

10 மீட்டர் என்பது மூன்று மாடிக் கட்டடத்தின் உயரம். 3 கிலோமீட்டர் ஆழத்தில் அந்த மூன்று மாடியைச் சரியாகச் சொல்ல முடிகிறதா இல்லையா என்பதில் எரிவாயு வயலின் அளவு 1.8 மடங்கு மாறுகிறது. முதல் கிணறு மேட்டின் உச்சியைப் பார்த்துத் தோண்டியதாக இருக்கும், ஏனென்றால் எரிவாயு இருக்கிறதா என்பதுதான் அப்போதைய கேள்வி. உச்சியில் மணற்கல்லின் அடி வரைக்கும் எரிவாயு இருந்தால் நீர்மட்டம் எங்கே என்று அந்தக் கிணறு சொல்லாது. "குறைந்தபட்சம் இது வரைக்கும் எரிவாயு" என்று மட்டும்தான் சொல்லும். சரிவில் இறங்கி இரண்டாவது கிணறு தோண்டினால்தான் தெரியும். மதிப்பாய்வுக் கிணறு என்பது அதுதான்.

பிப்ரவரி 12

"இரண்டாவது கிணறு தோண்டாமல் நீர்மட்டம் கண்டுபிடிக்க வழியே இல்லையா?"

ஒரு வழி உண்டு. கிணற்றுச் சுவரில் கருவியை ஒட்டி, பல ஆழங்களில் கல்லின் திரவ அழுத்தத்தை அளப்பது. 300 பார் அழுத்தத்தில் எரிவாயுவின் அடர்த்தி நீரில் ஐந்தில் ஒரு பங்கு அளவு. எரிவாயுப் பகுதியில் 10 மீட்டர் இறங்கினால் அழுத்தம் ஏறத்தாழ 0.2 பார் கூடும், நீர்ப் பகுதியில் 1 பார் கூடும். எரிவாயுப் புள்ளிகள் ஒரு கோட்டில் விழும், நீர்ப் புள்ளிகள் இன்னொரு கோட்டில். இரண்டும் வெட்டும் ஆழம்தான் நீர்மட்டம், கிணறு அதைத் தொடாவிட்டாலும்கூட.

நீர்ப் புள்ளி அதே மணற்கல்லில் கிடைத்தால் அருமை. கீழே வேறொரு மணற்கல்லில் எடுத்த நீர்ப் புள்ளியை இதோடு சேர்த்துக் கோடு போட்டால், இரண்டு மணலும் தொடர்புள்ளவை என்று நாமாகவே நம்பிக்கொள்கிறோம். பிசகு அங்கேதான் நுழையும். கோடுகளின் சாய்வு வித்தியாசம் மீட்டருக்கு 0.08 பார்தான். அளவீட்டில் 0.1 பார் பிசகினால் நீர்மட்டம் ஒன்றேகால் மீட்டர் நகரும். ஒரே ஓட்டத்தில் ஒரே கருவியால் அளந்தால் சமாளிக்கலாம். வேறு வேறு கிணறு, வேறு கருவி, ஆழத்திலேயே இரண்டு மூன்று மீட்டர் பிசகு என்றால், நேற்றைய 10 மீட்டர் சந்தேகம் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இன்னொன்று. சரியாக ஒட்டாத இடத்தில், இறுகிய மணலில், துளையிடும்போது கிணற்றில் நிரப்பும் சேற்றின் அழுத்தம் உள்ளே புகுந்து புள்ளி உயரமாகக் காட்டும். அப்படிப்பட்ட புள்ளிகளைத் தூக்கிப் போடத் தெரிய வேண்டும். ஏழு புள்ளியில் நல்லது நாலு என்றால் நாலை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், ஏழையும் சராசரி போடாதீர்கள்.

பிப்ரவரி 13

சைஸ்மிக், அதாவது நில அதிர்வுப் படம், பற்றிப் பலர் கேட்கிறார்கள். "3டி எடுத்தார்களே, அதில் எரிவாயு பளிச்சென்று தெரியாதா?"

எடுத்தார்கள், 1,750 சதுர கிலோமீட்டர். எரிவாயு உள்ள மணல் பல நேரம் பளிச்சென்று தெரியும், உண்மை. ஆனால் துளைகளில் 10 சதவீதம் எரிவாயு இருந்தாலும் பளிச்சிடும், 70 சதவீதம் இருந்தாலும் பளிச்சிடும். நீரில் கொஞ்சம் வாயு கலந்ததுமே ஒலியின் வேகம் சரேலென்று விழுந்துவிடுகிறது, அதற்குமேல் எவ்வளவு வாயு சேர்ந்தாலும் பெரிய மாற்றமில்லை. பளிச்சென்ற இடத்தில் தோண்டி வெறும் வாயு கலந்த நீரைக் கண்ட கிணறுகள் உலகம் முழுக்க உண்டு.

மன்னாரில் கூடுதல் தலைவலி எரிமலைப் பாறை. அந்தப் படுகையில் கிரிட்டேசியஸ் கால பசால்ட் அடுக்குகள் உண்டு. பசால்ட்டில் ஒலி மிக வேகமாகப் போகும், மேற்பரப்பிலேயே பெரும்பகுதி திரும்பிவிடும், மீதி சிதறும். அதன் அடியில் இருக்கும் மணலின் படம் பனிக்கண்ணாடி வழியாகப் பார்த்த மாதிரி வரும். மேட்டின் வடிவமே உறுதியில்லை என்றால் 1 டிகிரிச் சரிவு என்று நான் மேலே எளிதாக எழுதியதும் உறுதியில்லை. பழைய அதிர்வுத் தரவைப் புதிய முறையில் மறுபடி செயலாக்குவதற்கு ரிக் (துளையிடும் கப்பல்) வாடகையோடு பார்த்தால் சொற்பச் செலவு. அடுத்து வருபவர் முதலில் செய்ய வேண்டியது அதைத்தான் என்பது என் கருத்து.

பிப்ரவரி 13

பேசாலையில் பழைய காலத்தில் எண்ணெய் தோண்டினார்களே என்று ஒருவர் கேட்டது: ஆமாம், 1970களில் சோவியத் உதவியோடு. அது மன்னார்த் தீவின் நிலத்தில், காவேரிப் படுகையின் தொடர்ச்சியில். டொராடோ இருப்பது ஆழ்கடலில், வேறு படுகை. இரண்டையும் சேர்க்க வேண்டாம். எல்லைத் தகராறும் தடையல்ல: மன்னார் வளைகுடாவில் இந்திய–இலங்கை எல்லை 1976 உடன்படிக்கையிலேயே முடிந்துவிட்டது.

பிப்ரவரி 15

கிணற்றுச் சோதனை பற்றிக் கேட்டவருக்கு.

லாக் (கிணற்றுக்குள் கருவிகளை இறக்கி எடுக்கும் பதிவு) எடுத்தால் எரிவாயு இருப்பது தெரியும். ஓடுமா என்பது தெரியாது. அதற்குக் கிணற்றை ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். முறை இது: இரும்புக் குழாயைச் சிமெண்டோடு இறக்கி, எரிவாயு அடுக்குக்கு நேரே துளை போட்டு, மேலே சின்ன சோக் (ஓட்டத்தைக் குறுக்கும் துளை) வைத்து ஓடவிடுவது. சில மணி நேரம் சுத்தமாகும்வரை. பிறகு சோக்கைப் படிப்படியாகப் பெரிதாக்கி ஒவ்வொன்றிலும் ஓட்டத்தையும் அடி அழுத்தத்தையும் பதிவு. பிறகு மூடிவிட வேண்டும். மூடிய பிறகு அழுத்தம் எப்படித் திரும்ப ஏறுகிறது என்பதில்தான் சேதி இருக்கிறது. கிணற்றைச் சுற்றியுள்ள கல்லின் கடத்துதிறன், துளையிட்டபோது சுவரில் ஏற்பட்ட சேதம், பக்கத்தில் பிளவு அடைத்துக்கொண்டிருந்தால் அதன் தூரம், எல்லாம் அந்த ஏற்றத்தின் வளைவில் தெரியும். ஓடவிட்ட நேரத்தைவிட மூடிவைத்த நேரம் இரண்டு மடங்காவது இருக்க வேண்டும். ரிக் வாடகை ஓடுகிறதே என்று மூடல் நேரத்தைக் குறைப்பது மிகப் பொதுவான தவறு. சோதனையில் காசு கொடுத்து வாங்கும் பொருளே அதுதான், அதையே வெட்டிவிடுகிறார்கள்.

கடலில் எண்ணெய் என்றால் கப்பலில் பிடித்து மாதக்கணக்கில் சோதிக்கலாம். எரிவாயுவைப் பிடித்துவைக்க வழியில்லை, எரித்தாக வேண்டும். அதனால் சோதனை இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும். அவ்வளவு நேரத்தில் அழுத்த அலை சில நூறு மீட்டர், நல்ல கல்லானால் ஒன்றிரண்டு கிலோமீட்டர் போகும். அதற்கு அப்பால் மணல் தொடர்கிறதா, துண்டு துண்டாகக் கிடக்கிறதா என்பதற்கு அது சாட்சி சொல்லாது.

பிப்ரவரி 16

தொடர்ச்சி என்றதும் கிருஷ்ணா–கோதாவரி டி6ஐ, ஆந்திரக் கடலில் ரிலையன்ஸ் கம்பெனி எடுத்த வட்டாரத்தை, சொல்லாமல் விட முடியாது. திருபாய் 1, 3 வயல்கள். 2002இல் கண்டுபிடிப்பு. 2004 திட்டத்தில் நாளொன்றுக்கு 4 கோடி கன மீட்டர், 240 கோடி டாலர் அளவில் செலவு. 2006இல் திருத்திய திட்டத்தில் 8 கோடி கன மீட்டர், முதல் கட்டத்துக்கே 520 கோடி டாலர். எடுக்கக்கூடிய இருப்பு 10.03 லட்சம் கோடி கன அடி என்றார்கள். 2009 ஏப்ரலில் உற்பத்தி தொடங்கியது. 2010இல் 6 கோடியைத் தொட்டது. அதோடு சரி, இறங்குமுகம். இருப்பு 3.10 லட்சம் கோடி கன அடியாகக் குறைக்கப்பட்டது. 2020 பிப்ரவரியில் அந்த வயல்கள் நின்றே போயின.

இதில் யார் பக்கம் சரி என்று தனியாக ஒரு இழை ஓட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். திட்டமிட்ட அளவு கிணறு தோண்டவில்லை என்பது அரசின் வாதம். நிலவியல் எதிர்பாராதது, அழுத்தம் விழுந்தது, நீரும் மணலும் வந்தது என்பது கம்பெனியின் வாதம். வழக்குக்கும் போனது. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. 2004க்கும் 2006க்கும் நடுவில் அந்த வயலிலிருந்து ஒரு கன மீட்டர்கூட உற்பத்தி ஆகவில்லை. திட்டம் மட்டும் இரட்டித்தது.

அந்த வயல் ஆழ்கடல் வாய்க்கால் மணல். பழங்காலத்தில் கடலடியில் ஓடிய வாய்க்கால்களில் தடித்த மணல், இரு கரையிலும் மெல்லிய மணலும் களியும் மாறி மாறி. வாய்க்காலில் தோண்டிய கிணறு ஜோராக ஓடும். கரை மணலில் இருக்கும் எரிவாயு கணக்கில் சேரும், ஆனால் அந்தக் கிணற்றுக்கு வந்து சேருமா என்பது களிப்பட்டைகளைப் பொறுத்தது. நில அதிர்வுப் படத்தில் இரண்டும் ஒரே உடம்பாகத் தெரியும்.

பிப்ரவரி 16, பின்னிரவு

மேலே விட்டுப்போனது: உற்பத்தி தொடங்கிய பிறகு உண்மையைக் கண்டுபிடிக்கும் வழி. அழுத்தத்தை அந்த வாயுவின் விலகல் காரணியால் (இலட்சிய வாயுவிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்ற எண்) வகுத்து, எடுத்த மொத்த அளவுக்கு எதிராகப் புள்ளி வைக்க வேண்டும். மூடிய பெட்டி போன்ற வயலானால் நேர்கோடு வரும். பத்தில் ஒரு பங்கு எடுத்ததும் அந்த எண் பத்தில் ஒரு பங்கு விழும். கோட்டை நீட்டினால் அச்சைத் தொடுமிடம் மொத்த இருப்பு. மூன்று புள்ளி கிடைத்தாலே வயல் தன் அளவைச் சொல்ல ஆரம்பித்துவிடும்.

ஆனால் பக்கத்தில் பெரிய நீர்ப்படுகை இருந்தால், எரிவாயு போன இடத்தில் நீர் புகுந்து அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும். கோடு மெதுவாக இறங்கும், இருப்பு அதிகம் போலத் தோன்றும். பிறகு ஒரு நாள் கிணற்றில் நீர் வரும். நீர் கடந்து போன மணலில் மூன்றில் ஒரு பங்கு எரிவாயு சிக்கி அங்கேயே நின்றுவிடவும் கூடும். நான் முதலில் 60 சதவீதம் என்று வைத்தது இந்த வகையை நினைத்து. நீர் வராத மூடிய வயல், கூடவே கம்ப்ரெசர் என்றால் 75ஐத் தொடலாம்.

பிப்ரவரி 18

தமிழ்நாட்டுக் கரையில் இதற்கு ஒப்பாக ஏதாவது உண்டா என்ற கேள்விக்கு: பிஒய்-1. பிள்ளைப்பெருமாள்நல்லூரில் கரையேறும் வயல், 2009இல் உற்பத்தி. அங்கே எரிவாயு இருப்பது மணலில் அல்ல, விரிசல் விட்ட அடித்தளப் பாறையில். விரிசலின் கொள்ளளவை எந்த லாகும் ஒழுங்காகச் சொல்லாது. எதிர்பார்த்த உற்பத்தி நிலைக்கவில்லை. கடல் அங்கே ஆழமில்லை, அதனால் மேடை கட்டிச் செய்ய முடிந்தது. டொராடோவுக்கு மேடை என்ற பேச்சே இல்லை.

பிப்ரவரி 19

"1,350 மீட்டர் ஆழம்தான் தடையா? தொழில்நுட்பம் இல்லையா?"

இல்லவே இல்லை. எகிப்தின் சொஹ்ர் வயல் 1,450 மீட்டர் ஆழக் கடலில். 2015 ஆகஸ்டில் அறிவித்து 2017 டிசம்பரில் எரிவாயு எடுத்துவிட்டார்கள். பாராகுடாவுக்கும் அதற்கும் கடலாழம் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் சொஹ்ர் நிரல் 630 மீட்டர், நிகரத் தடிமன் 400 மீட்டருக்கு மேல். அறிவித்த இருப்பு 85,000 கோடி கன மீட்டர். வாங்குவதற்கு எகிப்திலேயே பெரிய சந்தை, குழாய் வலை ஏற்கெனவே இருந்தது.

அதே கடலில் சைப்ரஸின் அஃப்ரொடைட் 2011இல், டொராடோ கண்ட அதே வருடம், கண்டுபிடித்தது. 2013இல் ஒரு மதிப்பாய்வுக் கிணறு, 2023இல் இன்னொன்று. சைப்ரஸில் வாங்க ஆள் போதாது, எல்லைப் பேச்சு வேறு. கண்டுபிடித்துப் பத்து வருடத்துக்கு மேல் காத்திருப்பது மன்னாருக்கு மட்டும் வந்த விதியல்ல.

பிப்ரவரி 20

ஆழ்கடலில் உண்மையான சிக்கல் எங்கே வரும் என்று எழுதச் சொன்னார்கள்.

கடலடியில் ஒவ்வொரு கிணற்றின் தலையிலும் வால்வுத் தொகுதி, இதைத் தொழிலில் ட்ரீ என்பார்கள். கிணறுகள் ஒரு மேனிஃபோல்டில் சேரும். அங்கிருந்து கரைக்குக் குழாய். கூடவே அம்பிலிகல் என்ற கட்டுக் கயிறு, அதற்குள் மின்சாரம், ஹைட்ராலிக், ரசாயனக் குழல்கள். நார்வேயின் ஓர்மன் லாங்கே 120 கி.மீ. தூரம் இப்படித்தான் கரைக்கு வருகிறது, நடுவில் மேடையே இல்லாமல்.

அந்த ஆழத்தில் நம் கடலின் அடி 5, 6 டிகிரிக் குளிர். எரிவாயுவோடு நீராவி வரும், குளிர்ந்து நீராகும். அந்தக் குளிரில் 50 பாரைத் தாண்டினால் நீரும் மீத்தேனும் சேர்ந்து ஐஸ் மாதிரி கட்டியாகிவிடும். குழாய் ஓடுவதோ அதைவிட அதிக அழுத்தத்தில். அதனால் கிணற்றுத் தலையிலேயே மோனோ எத்திலீன் கிளைகோல் என்ற, கட்டியாகாமல் தடுக்கும் ரசாயனத்தை ஊசி போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கரையில் அதைப் பிரித்து, நீரைக் கொதிக்கவைத்து ஓட்டி, திரும்ப அனுப்ப வேண்டும். இதற்கென்று இரண்டாவது குழாய்.

நிலத்தடி உப்புநீர் வர ஆரம்பித்ததும் கதை மாறும். கிளைகோல் தேவை பல மடங்கு ஏறும். உப்பும் கூட வரும், கொதிகலனில் படியும். உப்பு நீக்கும் பகுதி முதலிலேயே கட்டாத ஆலைகள் இங்கே மாட்டிக்கொள்ளும்.

கட்டி அடைத்துவிட்டால் ஒரு பக்கம் மட்டும் அழுத்தத்தைத் திறந்துவிடவே கூடாது. கட்டி துப்பாக்கிக் குண்டு மாதிரி பாய்ந்து வளைவில் குழாயை உடைக்கும். இரண்டு பக்கமும் சமமாக, மெதுவாகக் குறைத்து, வாரக்கணக்கில் உருகவிட வேண்டும்.

பிப்ரவரி 20, சேர்க்கை

மணல் வருவதைச் சொல்ல மறந்தேன். இளசான மணற்கல்லில் ஓட்டத்தைக் கூட்டினால் மணல் உதிரும். வேகமான எரிவாயுவோடு வரும் மணல் சோக்கை அரித்துத் தின்றுவிடும். கிணற்றடியில் சல்லி அடைத்து வடிகட்டி வைப்பது வழக்கம். கடலடியில் பிறகு போய்ச் சரிசெய்ய ரிக் வேண்டும், ஆகவே முதலிலேயே செய்ய வேண்டும்.

இன்னொன்று, ஓட்டம் குறைந்தாலும் ஆபத்து. மின்நிலையம் இரவில் தேவையைப் பாதியாக்கினால் குழாயில் வேகம் குறையும், திரவம் பள்ளங்களில் தேங்கும். காலையில் ஓட்டத்தைக் கூட்டியதும் அவ்வளவும் ஒன்றாக உருண்டு வந்து கரையில் இறங்கும். அதைத் தாங்க வரிசை வரிசையாகப் பெரிய குழாய்களாலான பிடிகலன் வேண்டும். ஒரே ஒரு வாடிக்கையாளர் உள்ள வயலுக்கு இந்தக் கஷ்டம் அதிகம்.

பிப்ரவரி 22

மிதக்கும் கப்பலில் வைத்தே திரவமாக்கி ஏற்றுமதி செய்யலாமே என்று இரண்டு பேர். மலேசியா செய்கிறது, உண்மை. பெட்ரோனாஸின் முதல் மிதக்கும் ஆலை வருடத்துக்கு 12 லட்சம் டன், அந்த வகையில் சிறியது. அதற்கே வருடத்துக்கு 165 கோடி கன மீட்டர் எரிவாயு வேண்டும். என் எடுத்துக்காட்டு வயலின் 444 கோடி மூன்று வருடம்கூடத் தாங்காது. நல்ல பக்கக் கணக்கான 780 கோடி வைத்தாலும் ஐந்து வருடத்துக்குள் முடியும். கப்பலை வேறு வயலுக்கு நகர்த்தலாம் என்பது சரி, மலேசியா அப்படி நகர்த்தியும் இருக்கிறது. ஆனால் அவர்களிடம் நகர்த்த அடுத்த வயல் இருந்தது.

பிப்ரவரி 24

முதலில் கேட்டவர் மறுபடி வந்திருக்கிறார்: "அப்ப டொராடோவையும் பாராகுடாவையும் சேர்த்து எடுத்தால் காணாதோ? தனித்தனியா ஏன் பாக்கிறியள்?"

சேர்த்துத்தான் பார்க்க வேண்டும், இதை நான் முதல் நாளே எழுதியிருக்க வேண்டும். கடலடி வயலில் செலவின் பெரும்பகுதி கரைக்கு வரும் குழாய், கரை ஆலை, கிளைகோல் அமைப்பு. இவை இரண்டு வயலுக்கும் பொது. இரண்டாவது வயலுக்கு ட்ரீயும் கொஞ்சம் குழாயும்தான் கூடுதல். பாராகுடா ஒரு கிலோமீட்டர் அதிக ஆழத்தில் இருப்பதால் கிணறு விலை கூடும், ஆனால் அழுத்தமும் கூடும், அது குழாய்க்கு நல்லது.

ஆனாலும் வரிசை மாறாது. என் கையில் ரிக் ஒன்று இருந்தால் பழைய தரவை மறுசெயலாக்கம் செய்துவிட்டு, முதல் கிணற்றை டொராடோவின் சரிவில் வைப்பேன். மறுபடி உச்சியில் தோண்டமாட்டேன். நீர்மட்டத்தைத் தொடும் இடத்தில் வைப்பேன். அங்கே அடுக்கிலிருந்து உருளையாகப் பாறை மாதிரி வெட்டி எடுத்து, அழுத்தப் புள்ளிகள் எடுத்து, ஓட்டச் சோதனை செய்து, ஓட்டத்தைவிட நீண்ட நேரம் மூடிவைப்பேன். பாராகுடாவில் மூன்று அடுக்கு இருப்பதால் மூன்றுக்கும் ஒரே நீர்மட்டமா, மூன்று நீர்மட்டமா என்பது முதல் கேள்வி. மூன்று என்றால் மூன்று சின்ன வயல், ஒரே கிணற்றில் கலந்து எடுத்தால் அழுத்தம் அதிகமுள்ளது குறைந்ததற்குள் போய்ப் பாயும்.

இதோடு கூடவே மின்சார சபையோடு ஒப்பந்தப் பேச்சு தொடங்கிவிட வேண்டும். எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் இவ்வளவுக்குப் பணம் என்ற வாசகம் இல்லாத ஒப்பந்தத்தை நம்பி எந்த வங்கியும் கடலடிக் குழாய்க்குக் கடன் தராது. 2021இல் இலங்கை புதிய பெட்ரோலிய வளச் சட்டம் கொண்டுவந்தது. கிணற்றின் கேள்விகளுக்கு அது பதிலாகாது.

பிப்ரவரி 25

"பழைய கிணற்றையே திறந்து எடுக்க ஏலாதோ? தோண்டின காசு மிச்சமெல்லோ?"

ஏலாது. தேடல் கிணறு முடிந்ததும் எரிவாயு அடுக்குக்குக் குறுக்கே சிமெண்ட் அடைப்பு, அதற்கு மேலே இன்னொன்று, கடலடிக்குப் பக்கத்தில் ஒன்று என்று அடைத்துவிட்டுத்தான் கப்பல் நகரும். உள்ளே இறக்கிய குழாயின் அளவும் தேடலுக்கானது. உற்பத்திக்கு வேண்டிய வடிகட்டி, பாதுகாப்பு வால்வு, கிளைகோல் ஊசிக் குழல் எல்லாவற்றுக்கும் அதில் இடம் போதாது. கரியமில வாயு இருந்தால் சாதாரண எஃகு அரித்துப் போகும், குரோமியம் சேர்ந்த எஃகு வேண்டும், அதைத் தேடல் கிணற்றில் யாரும் போடுவதில்லை. அந்தக் கிணறு தந்துவிட்டுப் போனது லாகுகளும் பாறைத் துணுக்குகளும் அழுத்தப் புள்ளிகளும். அவை அரசிடம் இருக்கின்றன, அடுத்து ஏலம் கேட்பவர் முதலில் பார்க்கக் கேட்பதும் அவற்றைத்தான்.